யார் தோட்டத்துத் தக்காளி?

மாரண்டஹள்ளி,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா அன்பரசிக்கு,

தம்பி ஆரோக்கியராஜ் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கறவை மாடு எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலி மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. உனக்கு மடத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இளைத்துவிட்டாய் என்று அம்மா கனவு கண்டாளாம்.

போனில் ஒரு நிமிடத்தில் முடிகிற சேதிக்கு என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாயே! கன்னியாஸ்திரி ஆவதற்கு முந்தைய பயிற்சி வருடத்தில் போன் கூடாது, மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு கடிதம் எழுதலாம், வருகிற கடிதத்தை மதர் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார் என்று சொல்லிவிட்டுப் போனாய். சரி. இதைப் படிக்கும் மதர் பிலோமினாவுக்கும் என் தோத்திரம்.

சேதி இதுதான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது! தக்காளி மண்டியில் அல்ல, கிரிப்டோ கம்பெனியில். கிரிப்டோ என்றால் கையால் தொட முடியாத காசு, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். "தொட முடியாத காசா? அது நம்ம வூட்ல ஏற்கெனவே நெறைய இருக்குதே" என்றாள்.

பதவியின் பெயர் 'பணப் பரிமாற்ற அதிகாரி'. வீட்டில் இருந்தபடியே வேலை. மண்டிச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. டெலிகிராமில் அவர்களாகவே என்னைத் தேடி வந்தார்கள். நியமனக் கடிதத்தைக் கலரில் அச்செடுத்து, லேமினேஷனும் போட்டு வைத்திருக்கிறேன். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் வெண்மதி லேமினேஷனுக்குக் காசு வாங்கவில்லை. மண்டி முதலாளி சென்னப்பன் அண்ணன்தான் கொஞ்சம் முகம் சுளித்தார். "போறதுன்னா போ. ஆனா சீசன் முடியற வரைக்கும் பெட்டி எண்ண ஆளு வேணும்டா" என்றார்.

எனக்காக வேண்டிக்கொள், அக்கா.

உன் அதிகாரித் தம்பி,
ஆரோக்கியராஜ்

*

நவதுறவியர் இல்லம், தஞ்சாவூர்,
2 மார்ச் 2025

பாசமுள்ள அதிகாரி அவர்களுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். இளைக்கவில்லை, இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

டேய், உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் உரக்கப் படித்தேன்! பதினான்கு பேரும் கைதட்டி ஒரு பாட்டே பாடிவிட்டார்கள். எத்தனை வருடம் அந்த மண்டியில் மூட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் கிடந்தாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓசூர் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவள் இல்லையா, பழக்கதோஷத்தில் இரண்டு கேள்வி கேட்கிறேன். உன்னை நேர்முகம் செய்தது யார்? அங்கே நீ செய்யப்போகும் வேலை என்ன? பதவியின் பெயரைச் சொன்னாய், வேலையைச் சொல்லவில்லை.

புதன்கிழமை தவக்காலம் ஆரம்பம். ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதி இல்லை. நீ எழுது, எனக்கு வந்து சேரும். என் பதிலுக்கு மட்டும் காத்திருக்காதே.

ஜெபத்தில் உன்னை மறவாத
அக்கா

*

மாரண்டஹள்ளி,
12 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். அப்பா மாத்திரை போடுகிறார், கூடவே பஜ்ஜியும் சாப்பிடுகிறார். தவக்காலத்தில் நீயும் உன் தோழிகளும் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உன் கேள்விக்கு வருகிறேன். நேர்முகம் டெலிகிராமில்தான் நடந்தது. அவர்கள் எழுத்தில் கேட்டார்கள், நான் எழுத்தில் சொன்னேன். ஐந்தே கேள்வி. நாற்பது நிமிடத்தில் தேர்வாகிவிட்டேன்! மேனேஜர் பெயர் கெவின். முகத்தைப் பார்க்கவில்லை, கேமரா ரிப்பேராம். "அவ்ளோ பெரிய கம்பெனியில ஒரு கேமரா வாங்க முடியலயாங்க?" என்று வெண்மதி சிரித்தாள். வெண்மதி எதற்கெடுத்தாலும் அப்படித்தான்.

வேலை ரொம்ப லேசு. கம்பெனியின் வாடிக்கையாளர்கள் என் வங்கிக் கணக்கில் பணம் போடுவார்கள். நான் என் பங்கை எடுத்துக்கொண்டு, மீதிக்குக் காயின் வாங்கி, கெவின் சொல்லும் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் மண்டியில் ஏழு வருடமாக நான் இதைத்தானே பார்க்கிறேன்! வாங்குகிறவனிடம் பணத்தை வாங்கு, கமிஷன் எடு, தோட்டக்காரனுக்குக் கொடு. இதற்குப் போய் பயிற்சி வேறு தருகிறார்களாம். வெண்மதியிடம் சொன்னேன், அவள் நியமனக் கடிதத்தை வாங்கி மறுபடி ஒரு தடவை படித்தாள்.

ஏப்ரல் ஏழாம் தேதி வேலையில் சேருகிறேன். இன்னொரு கணக்கும் வேண்டுமாம், நம்பிக்கையான ஆளுடையதாக இருந்தால் போதுமாம். அதற்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. வெண்மதி படிவத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஆரோக்கியராஜ்

*

தஞ்சாவூர்,
21 மார்ச் 2025
(விரைவுத் தபால்)

தம்பி ஆரோக்கியத்துக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. எல்லாரும் நன்றாக இருங்கள்.

தவக்காலத்தில் கடிதம் போகிறதே என்று பயப்படாதே. உன் கடிதத்தை முதலில் படித்த மதர், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னை ஈரக்கையோடு கூப்பிட்டு, "எழுதும்மா, இன்னைக்கே எழுது" என்றார். போன் செய்யவா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். போனில் சொன்னால் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். எழுத்தில் இருந்தால்தான் நாலு தடவை படிப்பாய்.

மண்டியும் இதுவும் ஒன்று என்கிறாய். மண்டியில் நடுவே ஒரு பெட்டி இருக்கிறதடா! பெட்டிக்குள் தக்காளி இருக்கிறது. அது மகேந்திரமங்கலத்தில் யார் தோட்டத்தில் காய்த்தது, எந்த வண்டியில் வந்தது என்று உனக்குத் தெரியும். வாங்குகிறவன் முகம் தெரியும். கெவின் அனுப்பப்போகும் பணத்துக்கு நடுவில் என்ன இருக்கிறது? அது யார் தோட்டத்துத் தக்காளி?

எங்கேயோ ஒரு பெரியவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணமாக இருந்தால்? அவர் புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் தேடுவது பணம் வந்து இறங்கிய கணக்கை. அது உன் கணக்கு. காயின் கெவினிடம் போய்ச் சேர்ந்திருக்கும், ஸ்டேஷன் வாசலில் நீ நிற்பாய். கம்பெனிக்கென்று கணக்கு இருக்கும்போது உன் கணக்கு எதற்கு? ஓசூரில் நாங்கள் ஒரு ஆளை எடுக்க மூன்று வாரம் ஆகும். முகம் பார்க்காமல் ஒரு காவலாளியைக்கூட எடுத்ததில்லை. இதெல்லாம் தெரிந்த நான் போன மாதம் பதினான்கு பேரைப் பாட்டுப் பாட வைத்தேனே, வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கம்பெனிக்குச் சொந்த வலைத்தளம் இருக்கும். கெவின் அனுப்பிய லிங்கைத் தொடாதே. நீயாகத் தேடிப் போய், அதில் இருக்கும் முகவரிக்கு எழுதிக் கேள்.

இன்னும் ஒன்று. இரண்டாவது கணக்கு யாருடையது? அதை ஏன் சொல்லாமல் விட்டாய்?

உன் அக்கா

பி.கு: உன் கடிதத்தில் 'வெண்மதி' என்ற பெயருக்கெல்லாம் மதர் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறார். நான்கு கோடு.

*

மாரண்டஹள்ளி,
27 மார்ச் 2025

மரியாதைக்குரிய அன்பரசி அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? என்னை உங்களுக்குச் சரியாக நினைவிருக்காது. பூசையில் பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்காருவேன். தக்காளித் தோட்டக்காரர் தங்கராஜின் மகள் வெண்மதி. உங்கள் முகவரியை உங்கள் தம்பியின் சட்டைப் பையில் இருந்த உறையைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவருக்கு வேலையில் கவனமே இல்லை. அதைப் பையிலேயே வைத்திருக்கிறார், எடுத்துப் படிக்கிறார், மறுபடி வைக்கிறார். அவர் உங்களுக்குச் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கணக்கு எங்கள் அப்பாவுடையது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் விரும்புவது அப்பாவுக்குத் தெரியும். "மண்டியில பெட்டி எண்ணுறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். ஈஸ்டருக்குள்ள ஆபீஸ் வேலையில சேரட்டும், பேசலாம்" என்று சொல்லியிருந்தார். கிரிப்டோ வேலை என்றதும் அப்பாவே பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்த வேலை இல்லையென்றால் எனக்கு ஓசூர் மாப்பிள்ளை ஒருவர் தயாராக இருக்கிறார்.

எனக்கு அந்த வேலைமேல் முதலிலிருந்தே சந்தேகம். நியமனக் கடிதத்தில் இருந்த கம்பெனி நிஜமானது. அதன் வலைத்தளத்தில் அப்படி ஒரு வேலையே இல்லை. அதில் இருந்த முகவரிக்கு எழுதினேன். நேற்று பதில் வந்தது. டெலிகிராமில் நாங்கள் ஆள் எடுப்பதில்லை, கெவின் என்று யாரும் இல்லை, எங்கள் பெயரை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பதிலை அச்செடுத்து என் பையில் வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டினால் வேலை போகும். வேலை போனால் நான் ஓசூருக்குப் போக வேண்டியதுதான். காட்டாமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்யட்டும் அக்கா?

வெண்மதி

*

தஞ்சாவூர்,
1 ஏப்ரல் 2025

மகள் வெண்மதிக்கு,

இங்கே எல்லாரும் மதர் என்று கூப்பிடும் சகோதரி பிலோமினா ஆசீர்வதித்து எழுதுவது. இங்குள்ள நவதுறவிகள் தங்கள் குடும்பத்தாருக்கு மட்டுமே எழுதலாம் என்பது விதி. நீ இன்னும் குடும்பம் ஆகவில்லை. ஆகவே அன்பரசி எழுதவில்லை, நான் எழுதுகிறேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு நகத்தைக் கடிக்கிறாள்.

காட்டிவிடு, மகளே. ஏழாம் தேதிக்கு முன்னால் காட்டிவிடு. உன் அப்பாவின் கோபம் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஆறும். அவர் பாஸ்புக்கை எவனோ ஒருவனுக்குக் கொடுத்துப் போலீஸ் வீடு தேடி வந்தால், அது ஆறாது. பையனைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு கடிதத்தை ஒரு வாரம் பையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறவன் கெட்டுப்போக மாட்டான்.

துணிவோடு இரு. உன் பெயரைச் சொல்லி இங்கே ஜெபமாலை நடக்கிறது.

சகோ. பிலோமினா

*

மாரண்டஹள்ளி,
10 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மா உனக்கு முறுக்கு சுட்டிருக்கிறாள், ஈஸ்டருக்கு அனுப்புகிறோம். தவக்காலம் முடியும் முன் மதர் டப்பாவைத் திறக்கக் கூடாதாம்.

ஐந்தாம் தேதி வெண்மதி ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். படித்தேன். உன் கடிதத்தையும் ஐந்தாவது தடவை படித்தேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை அக்கா. பெட்டியைக் கவிழ்க்காமல் உள்ளே சொத்தை என்று சொல்லக் கூடாது, அது மண்டி தர்மம். மண்டியில் மேலடுக்கைப் பார்த்து யாராவது விலை பேசுவார்களா? ஒரு பெட்டியைத் தரையில் கொட்டிய பிறகுதானே ஏலமே!

அதனால் ஆறாம் தேதி கெவினுக்கு எழுதினேன். "சார், நாளைக்கு வரப்போற பணம் யாரோடதுங்க? பேரும் போன் நம்பரும் குடுங்க. மண்டியில பணம் வந்தா தோட்டக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுவோம், அது எங்க பழக்கம்." அது ரகசியம் என்றான். மறுபடி கேட்டேன். நீங்கள் மிகத் திறமையானவர், உங்களுக்குப் பதவி உயர்வு தருகிறோம் என்றான். வேலையில் சேருவதற்கு முன்பே பதவி உயர்வு வாங்கிய ஒரே ஆள் நம் ஜில்லாவில் நான்தான்! மூன்றாவது தடவையும் கேட்டேன். ஒப்பந்தத்தை மீறுகிறாய், போலீஸில் புகார் கொடுப்பேன் என்றான். "குடுங்க சார். எந்த ஸ்டேஷன்னு சொன்னீங்கன்னா நானே வந்து உக்காந்துக்கறேன்" என்று எழுதினேன். அதோடு கெவினையும் காணோம், டெலிகிராம் குரூப்பையும் காணோம்.

சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஆதாரும் பாஸ்புக் நகலும் அவனிடம் இருக்கிறதே! வெண்மதி சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டுத் தந்தாள், புகார் பதிந்தோம். வங்கிக்குப் போய் மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். லேமினேஷன் போட்ட நியமனக் கடிதத்தை அம்மா இட்லிப் பானைக்கு மூடியாக வைத்திருக்கிறாள்.

தங்கராஜ் மாமா தோட்டத்துக்கும் போனேன். பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். வந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

ஆரோக்கியராஜ்

*

தஞ்சாவூர்,
20 ஏப்ரல் 2025
உயிர்ப்புப் பெருவிழா

என் தங்கத் தம்பிக்கு,

அல்லேலூயா! முறுக்கு வந்தது. டப்பா திறந்த பத்தாவது நிமிடம் காலி. அம்மாவின் கைக்குப் பதினான்கு முத்தம்.

நீ கெவினிடம் கேட்ட கேள்வியை மதர் மூன்று தடவை படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெருமையாக இருக்கிறதடா, வாய்விட்டுச் சொல்கிறேன்.

ஆனால் தங்கராஜ் மாமாவைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது. கெவினுக்கு ஒரு பக்கம் எழுதியவன் மாமாவுக்கு நாலு வரி எழுதினால் எனக்குப் புரியாதா? அவர் என்ன சொன்னார்? நீ சாப்பிடுகிறாயா? கண்ணு, நேர்மையாக நடந்துகொண்டு இழந்தது எதுவானாலும் அதற்காகக் கூனிக் குறுகாதே. பதில் எழுது.

அக்கா

*

மாரண்டஹள்ளி,
8 ஜூன் 2025

அன்புள்ள நாத்தனாருக்கு,

(மதர், இப்போது நான் குடும்பம்தான். இந்தக் கடிதத்துக்கு அக்காவே பதில் எழுதலாம்!)

வணக்கம். நான் சுகம். ரொம்ப ரொம்பச் சுகம். உங்கள் தம்பி மே மாதம் முழுக்க எழுதாததற்கு அவர் சார்பில் மன்னிப்பு. எழுத ஒன்றும் இல்லாமல்தான் எழுதவில்லை. ஏப்ரலில் எங்கள் தோட்டத்துக்கு வந்தவரை அப்பா வாசலிலேயே நிறுத்தி, "வந்த வேலையக்கூட வச்சிக்கத் தெரியாதவனுக்கு எம் பொண்ணு எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். அவர் திரும்பிப் போனார். மண்டி வேலைக்கே போய்ச் சேர்ந்தார். ஓசூர்க்காரர்கள் வந்து என்னைப் பார்த்தும்விட்டார்கள்.

மே கடைசியில் கடத்தூரிலிருந்து அப்பாவின் சிநேகிதர் கோவிந்தன் போன் செய்தார். அதே மாதிரி ஒரு வேலையில் அவர் மகன் சேர்ந்திருந்தானாம். கணக்கை முடக்கிவிட்டார்கள், வாராவாரம் விசாரணைக்குப் போய் வருகிறானாம். அப்பா போனை வைத்துவிட்டுத் தன் பாஸ்புக்கை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா தப்பை அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அப்பா நாற்பது பெட்டி தக்காளியோடு மண்டிக்குப் போனார், நானும் வண்டியில் இருந்தேன். கேரளாவிலிருந்து வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எந்தப் பெட்டியைக் கொட்டிக் காட்டுவது என்று முடிவு செய்வது உங்கள் தம்பி. அப்பா முன்வரிசையில் ஒரு பெட்டியை எடுத்து நீட்டி, "இதைக் கொட்டுப்பா" என்றார். சென்னப்பன் அண்ணன் உங்கள் தம்பியின் முழங்கையில் இடித்தார். "டேய், மாமனாரு ஆகப்போறவரு. அதையே கொட்டிடு" என்று காதில் சொன்னது எனக்கே கேட்டது.

அவர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேராக மூன்றாவது வரிசைக்குப் போய், அடியில் இருந்த ஒரு பெட்டியை இழுத்துக் கவிழ்த்தார்.

மேலே இருந்ததெல்லாம் நல்ல சிவப்பு, கைக்கு அடங்காத பழம். அடியில் இருந்ததெல்லாம் கோலிக்குண்டு, பாதி வெடிப்பு! முதலில் சிரித்தது சென்னப்பன் அண்ணன். அப்புறம் எல்லாரும். எனக்கும் அடக்க முடியவில்லை அக்கா, வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தேன். விலை குறைத்துத்தான் கேட்டார்கள். அப்பா கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு நாள் அப்பா தோட்டத்திலேயே கிடந்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். "யாரு பெட்டின்னு பாக்கலியே அவன். பொண்ணு கெடைக்காதுன்னு தெரிஞ்சும் கவுத்திட்டான். எத்தினி கெவின் வந்தாலும் இவன ஏமாத்த முடியாது. என்னாலயே முடியல!" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓசூருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடு."

நேற்று நாங்கள் எல்லாரும் உங்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டோம். உங்கள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நீங்கள் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று உங்கள் தம்பி பிடிவாதம். அதனால் கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளியிருக்கிறோம்.

உங்கள்
வெண்மதி

*

தஞ்சாவூர்,
6 ஜூலை 2025

என் அன்புத் தம்பிக்கும், அவனைவிடக் கெட்டிக்காரியான வெண்மதிக்கும்,

நலமா என்று கேட்க வேண்டியதே இல்லை. நாங்களும் அப்படித்தான். வெண்மதியின் கடிதத்தை மதரே எழுந்து நின்று வாசித்தார். பெட்டி கவிழ்ந்த இடத்தில் பதினான்கு பேரும் எழுப்பிய கூச்சலில் சமையல்காரம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். இந்தத் தடவை பாடிய பாட்டுக்கு நான் வெட்கப்படவில்லை.

தங்கராஜ் மாமாவுக்கு என் தோத்திரம். கோபித்துக்கொண்டதற்கும், பிறகு கோபத்தை விட்டதற்கும்.

டிசம்பர் எட்டாம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுக்கும் நாள். அதன்பின் தை மாதக் கல்யாணத்துக்கு நான் வரலாம் என்று மதர் சொல்லிவிட்டார். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் ஆரோக்கியம். நான் மடத்துக்குக் கிளம்பிய நாளில் பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டாயே, "எதுக்குக்கா ஒரு வருஷம் போன் இல்லாம, யாரையும் பாக்காம?" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னை நானே கொட்டிப் பார்க்கத்தான் இந்த ஒரு வருடம். சில நாள் பயமாக இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. மூன்றாவது வரிசைவரை பார்த்துவிட்டேனடா. நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

அப்பாவுக்குப் பஜ்ஜியைக் குறை. அம்மாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடு. இனி அந்த வேலையை வெண்மதியிடம் தள்ளிவிடாதே.

உங்கள் இருவரின்
அக்கா

பி.கு. (மதரின் கையெழுத்தில்): வார்த்தைப்பாட்டு விருந்துக்கு இருபது பெட்டி தக்காளி வேண்டும். மணமகளின் அப்பா தோட்டத்திலிருந்தே வரட்டும். இங்கே எந்தப் பெட்டியைக் கொட்டுவது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.